வீடு கட்டுதலும் நாட்டின் நாடியும்

அறம், பொருள், இன்பம், வீடு என உறுதிப்பொருளை நான்காக வகுத்த நம் முன்னோர், மனிதன் இறுதியில் அடையவேண்டிய பேற்றுக்கு வழங்கிய பெயராலேயே அவன் உண்டு உறங்கி வாழும் மனையையும் அழைத்தனர். விடு என்னும் பகுதி முதல் நீண்டு வீடு என்றாயிற்று என்பர் இலக்கண ஆசிரியர். விடுதலை என்பதே அதன் பொருள். ஆயினும், மண்ணிலே நான்கு சுவர் எழுப்ப முனைந்த எவரேனும் அம்முயற்சியினிடையே விடுதலை பெற்றதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடனும் கவலையும் காத்திருப்புமே அவர் கண்ட பேறுகள். 'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்' என்ற பழமொழி அந்த அனுபவத்தின் சாரமாகும்.

இப்பழமொழியைப் பொருளியல் மாணவர் ஒருவர் சற்று ஆழ்ந்து நோக்குவாராயின் அதனுள்ளே ஓர் அளவுகோல் மறைந்திருக்கக் காண்பார். அரிசி வாங்குவதை ஒரு குடும்பம் ஒத்திவைக்க முடியாது. வீடு கட்டுவதையோ ஓராண்டும் ஒத்திவைக்கலாம், ஒன்பதாண்டும் ஒத்திவைக்கலாம். தொடங்கிவிட்டாலோ பத்து, இருபது ஆண்டுக்கான கடனைத் தோளில் ஏற்றியாகவேண்டும். ஆகவே கையிலுள்ள சேமிப்பு, வங்கி கேட்கும் வட்டி, செய்யும் தொழிலின் உறுதி, நாளையைப் பற்றிய நம்பிக்கை ஆகிய நான்கும் ஒருங்கே கூடினாலன்றி எவரும் அத்திவாரம் வெட்டத் துணியார். அப்படியானால், ஒரு நாட்டில் ஓராண்டில் எத்தனை குடும்பங்கள் அத்திவாரம் வெட்டின என்று எண்ணிப் பார்ப்பது, அந்நாட்டின் கைபிடித்து நாடி பார்ப்பதற்கு ஒப்பாகுமன்றோ?

ஆகும் என்றே பொருளியலார் கூறுகின்றனர். அவர்கள் இதனை வீடமைப்பு முதலீடு என்று அழைப்பர். புதிதாக எழும் வீட்டுக்கும், இருக்கும் வீட்டைப் பெருப்பிப்பதற்கும் செலவாகும் பணமே இதில் அடங்கும். பழைய வீடொன்று கைமாறினால் அதன் விலை இக்கணக்கில் சேராது. வெறுங்காணி கைமாறினாலும் சேராது. அங்கே பணம் ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்குச் சென்றதேயன்றி, நாட்டில் புதிதாக ஒரு கூரையும் எழவில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்னால் இது நமக்குப் பெரிதும் பயன்படும்.

உலகம் கண்ட அனுபவம்

கட்டட வேலை நன்றாக நடந்தால் மற்றெல்லாம் நன்றாக நடக்கும் என்னும் கருத்துடைய பேச்சுவழக்கு ஒன்று பிரான்சிய மக்களிடையே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொத்தராயிருந்து சட்டசபை உறுப்பினராக உயர்ந்த மார்ட்டின் நாதோ என்பாருடைய பெயரோடு இணைத்து அதனைச் சொல்வது மரபு. கரண்டி பிடித்த கை கண்டறிந்ததைப் பிற்காலத்தில் அறிஞர்கள் எண்களால் நிறுவினார்கள். சைமன் குஸ்நெட்ஸ் 1930 இல் வெளியிட்ட ஆய்விலே, பொருளாதாரத்தில் பதினைந்து முதல் இருபத்தைந்து ஆண்டுவரை நீளும் நெடிய அலைகளைக் கண்டார். கட்டட வேலையின் ஏற்ற இறக்கமும் அத்தகைய நீண்ட அலைகளாகவே வருவதைப் பின்வந்தோர் எடுத்துக்காட்டினர்.

கட்டட வேலை இவ்வளவு துள்ளுவதேன் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பதினாயிரம் வீடுகள் உள்ள ஒரு பட்டினத்தைக் கற்பனை செய்வோம. ஆண்டுதோறும் நூறு வீடுகள் பழுதுபட்டு அழிய, அவற்றுக்கு ஈடாக நூறு கட்டவேண்டும். புதுக் குடும்பங்களுக்கென இருநூறு கட்டவேண்டும். ஆக முந்நூறு வீட்டுக்கு வேலை உண்டு. மறு ஆண்டு காலம் சற்றுக் கடினமாகி, புதுக் குடும்பங்களில் நூறு தாய்வீட்டிலேயே ஒதுங்கிக்கொண்டன என்க. பட்டினத்துக்குத் தேவையான மொத்த வீடுகளில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றே. ஆனால் கட்டப்படும் வீடு முந்நூறிலிருந்து இருநூறாகிவிட்டது. மூன்றிலொரு பங்கு வேலை மறைந்துபோயிற்று. குடியிருப்போர் உணராத சிறு அசைவு, கட்டுவோர் தலையிலே பேரிடியாக விழுகின்றது. கொத்தரோடு தச்சரும், செங்கற் சூளைக்காரரும், மணல் ஏற்றும் லொறிக்காரரும், சாயம் பூசுவோரும், மின்கம்பி இழுப்போரும், அவர்களுக்குச் சோறு விற்கும் கடைக்காரரும் அடுத்தடுத்து அந்த அடியை வாங்குகின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடு இதற்குத் தெளிவான சான்று. அங்கே தொடங்கப்படும் புது வீடுகளின் எண்ணிக்கை மாதந்தோறும் வெளியிடப்படுகின்றது. 2006 ஜனவரியில் ஆண்டுக்கு 22 இலட்சத்துக்கு மேல் என்ற வேகத்தில் இருந்த அவ்வெண் பின்னர் சரியத் தொடங்கியது. நாடு முழுவதையும் பீடித்த மந்தம் தொடங்கியதாக அறிஞர் குறித்த மாதமோ 2007 டிசெம்பர். நோய் வெளிப்படையாவதற்கு ஏறக்குறைய இரண்டாண்டுகள் முன்னரே நாடி தளர்ந்துவிட்டது. 2009 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை ஐந்து இலட்சத்துக்கும் கீழே வீழ்ந்தது. கலிபோர்னியப் பேராசிரியர் எட்வர்ட் லீமர் 2007 இல் வாசித்த கட்டுரையொன்றில், இரண்டாம் உலகப்போருக்குப் பின் அந்நாட்டில் நேர்ந்த பத்து மந்தங்களில் எட்டுக்கு முன்னதாக வீடமைப்பில் பெருந்தளர்ச்சி தோன்றியதை எடுத்துக்காட்டினார்.

கிருலப்பனையில் எண்ணப்படாத வீடுகள்

இந்த அளவுகோலை அப்படியே கொணர்ந்து நம் நாட்டின் கையிலும் வைத்து நாடி பார்க்கலாமா என்பதே என் கேள்வி. நான் வாழும் கிருலப்பனை இதற்கு நல்ல சோதனைக்களம். ஹைலெவல் வீதியும் பேஸ்லைன் வீதியும் சந்திக்கும் இடத்திலிருந்து கால்மணி நேரம் நடந்தாற் போதும். மூவகை வீடுகளைக் காணலாம். கண்ணாடி பதித்த தனியார் தொடர்மாடிகள் ஒருவகை. அரசாங்கம் எழுப்பிய மாடிவீடுகள் மற்றொருவகை. கால்வாயை அண்டியும் களனிவெளிப் புகையிரதப் பாதையை ஒட்டியும் மக்கள் தாமே சிறுகச் சிறுகக் கட்டிக்கொண்ட வீடுகள் மூன்றாம் வகை.

முதல் இருவகையும் ஏடுகளில் ஏறுகின்றன. மாநகரசபையிலும் நகர அபிவிருத்தி அதிகாரசபையிலும் வரைபடத்துக்கு அனுமதி பெறுகின்றன. கட்டி முடிந்ததும் இணக்கச் சான்றிதழ் பெறுகின்றன. மூன்றாம் வகை பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஓர் ஆண்டு சீமெந்துக்கல் வாங்கிச் சுவர் எழுப்புவார்கள். மறு ஆண்டு தகரத்தை நீக்கிக் கூரைத்தகடு போடுவார்கள். மூத்த மகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் மேலே ஒரு தட்டுப் போடுவார்கள். அப்போதும் தூண்களின் உச்சியில் இரும்புக் கம்பிகளை வெட்டாமல் வானத்தை நோக்கி விட்டுவைப்பார்கள். பார்வைக்கு அழகில்லாத அந்தத் துருப்பிடித்த கம்பிகளே என் கண்ணுக்கு இப்பகுதியின் உண்மையான குறிகாட்டியாகத் தோன்றுகின்றன. இன்னொரு மாடி எழும் என்ற நம்பிக்கை அந்தக் குடும்பத்துக்கு இன்னும் இருக்கின்றது என்பதற்கு அவை சாட்சி. ஆனால் எந்தத் திணைக்களமும் கம்பிகளை எண்ணுவதில்லை.

இது சிறுதொகையான மக்களின் கதையன்று. நகர அபிவிருத்தி அதிகாரசபை 2010 ஐ அடுத்து நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்தில் இறங்கியபோது, கொழும்பு மாநகரில் வசதி குறைந்த குடியிருப்புகளில் வாழும் குடும்பங்கள் 68,000 க்கு மேல் எனக் கணக்கிட்டது. அந்த வீடுகளில் புதைந்துள்ள உழைப்பும் பணமும் முதலீடே. உறுதியில்லாத காணியிலே எழுந்தமையால் அதனை முதலீடு என்று மதிக்க நாம் பழகவில்லை. இடித்து அகற்றும்போதும் அதனை இழப்பென்று எழுத மறந்துவிடுகின்றோம். புதிய மாடிவீடு எழுந்தது மட்டும் வரவுப் பக்கத்தில் ஏறுகின்றது.

அரசு கட்டிய காலமும் தடுத்த காலமும்

நம் நாட்டின் வீடமைப்பு வரலாற்றிலே அரசின் கை மிகப் பெரிது. 1948 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும், அதனைத் தொடர்ந்த 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமும் குடியிருப்போரைக் காக்க எழுந்தவை. 1973 இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், ஒருவர் வைத்திருக்கத்தக்க வீடுகளுக்கு எல்லை வகுத்தது. வாடகைக்கு இருந்தோர் பலர் அதனால் வீட்டுக்காரராயினர். அது பெரும் நன்மையே. ஆயினும் வாடகைக்கு விடுவதற்கென வீடு கட்டும் வழக்கம் அதன்பின் தளர்ந்தது. அக்காலத்தில் தனியார் வீடமைப்புக் குறைந்ததைக் கண்டு நாட்டில் பணமே இல்லை என்று முடிவுகட்டுவது தவறாகும். பணம் இருந்தவரும் கட்டத் துணியவில்லை என்பதும் அதில் ஒரு பாதி.

1977 இன் பின் நிலை தலைகீழாயிற்று. வீடமைப்பை நேரடியாக முன்னின்று நடத்திய ரணசிங்க பிரேமதாச காலத்தில் இலட்சம் வீட்டுத் திட்டமும், 1984 முதல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டமும் நடைபெற்றன. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979 இல் அமைந்தது. முதல் திட்டத்தில் அரசே பெருமளவில் கட்டிக்கொடுத்தது. இரண்டாவதில் சிறுகடனும் ஆலோசனையும் தந்து, கட்டும் பொறுப்பைக் குடும்பத்திடமே விட்டது. இத்தகைய காலத்தில் வீட்டு எண்ணிக்கை உயர்வது மக்களின் நம்பிக்கையைக் காட்டுவதிலும் மேலாக, அரசின் கொள்கையையே காட்டுகின்றது. நாடி வைத்தியர் கைபிடிக்குமுன் நோயாளி மருந்துண்டானா என்று கேட்பதுபோல, நாமும் இந்த எண்ணின் பின்னால் யாருடைய பணம் நிற்கின்றது என்று கேட்டாகவேண்டும்.

கடல்கடந்த பணமும் கலங்கிய மனமும்

யாழ்ப்பாணத்து ஊர்களிலே இன்றும் காணப்படும் பழைய கல்வீடுகள் பலவற்றின் வரலாற்றை விசாரித்தால் மலாயா என்ற பெயர் வந்து சேரும். அந்நாட்டின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் சேவையிலும் உழைத்த யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணமும், ஓய்வுபெற்றுத் திரும்பியோரின் பென்ஷனும் நாற்சார் வீடுகளாக எழுந்தன. தோட்டத்து வெங்காயமும் புகையிலையும் மட்டும் அந்தச் சுவர்களை எழுப்பவில்லை. பின்னாளில் மத்திய கிழக்குக்குச் சென்ற பெண்களின் உழைப்பு, நாட்டின் பல கிராமங்களில் கல்வீடுகளாக உருப்பெற்றது. ஆகவே நம் நாட்டில் எழும் வீடு உள்ளூர்ப் பொருளாதாரத்தின் செழிப்பைச் சொல்வதைவிட, யாரோ ஒருவர் தூரதேசத்தில் பட்ட பாட்டையே பல வேளைகளில் சொல்கின்றது.

இதனினும் நுண்ணிய பாடத்தை வெள்ளவத்தை தருகின்றது. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரிந்த அதே பகுதியில், அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் காலி வீதியின் இரு பக்கத்து ஒழுங்கைகளிலும் தொடர்மாடிகள் நிரை நிரையாக எழுந்தன. எண்ணை மட்டும் பார்த்த ஒருவர் அங்கே செழிப்புக் கண்டிருப்பார். உண்மை வேறு. வடக்கிலே போர் மூண்டது. 1995 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இலட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். வீடிழந்தவரும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் காத்திருந்தவரும் கொழும்பை நாடினர். கனடாவிலும் இங்கிலாந்திலும் குளிரில் உழைத்த பிள்ளைகள் பெற்றோருக்கென ஒரு கதவும் ஒரு சாவியும் வாங்கிக்கொடுத்தார்கள். வாங்க இயலாதவர் லொட்ஜ் அறைகளில் தங்கினர். 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், உயர்நீதிமன்றம் மறுநாளே தடையுத்தரவு பிறப்பித்ததையும் நினைவுகொள்வோர், அக்காலத்தில் சொந்த வீடு என்பது எதற்கு ஈடாயிருந்தது என்பதை உணர்வர். அச்சமும் வீடு கட்டும். நம்பிக்கை மட்டுமே கட்டும் என்பதில்லை.

போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த வீடுகளும் அத்தகையனவே. 2010 இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டம் 50,000 வீடுகளைக் கொண்டது. அதில் வடக்கு, கிழக்குக்குரிய 46,000 இல் பெரும்பகுதியை, ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் பயனாளரே கட்டினார்கள். இடிந்ததை மீண்டும் எழுப்புவது முதலீட்டுக் கணக்கில் ஏறும். இடிந்தபோது போன செல்வம் அதே கணக்கில் இறங்குவதில்லை.

மறுபுறத்தில், கட்டாமையும் ஒரு செய்தியே. தேயிலை இந்நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக நின்று அந்நியச் செலாவணி ஈட்டிய நெடுங்காலம் முழுவதும், அதனைக் கொய்த மக்கள் வாழ்ந்தது லயன் காம்பராக்களில். வெள்ளையர் காலத்தில் கட்டப்பட்ட லயன்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஏற்றுமதி ஏடு செழித்ததையும் வீட்டு ஏடு வெறுமையாயிருந்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தால், செல்வம் எங்கே தோன்றி எங்கே சென்றது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

விலை வேறு, வேலை வேறு

அண்மைக்கால நெருக்கடி இந்தப் பாடங்களையெல்லாம் ஒன்றுதிரட்டி நம் வாசலிலே வைத்தது. சீமெந்துக்கு வேண்டிய மூலப்பொருள், இரும்பு, அலுமினியம் எனப் பலவற்றுக்கும் நாம் பிறநாட்டை நம்பியிருக்கின்றோம். 2020 இல் தரையோடு உட்படப் பல பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. டொலர் கையிருப்பு வற்றி, 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்திவைத்தது. அதற்குச் சில நாள்கள் முன்னர் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. 2021 இல் ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த ஐம்பது கிலோச் சீமெந்துப் பை, 2022 இல் மூவாயிரம் ரூபாவையும் தாண்டியது. அவ்வாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி ஏழு வீதத்துக்கு மேல் சுருங்க, கட்டடத்துறையோ ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சுருங்கிற்று. முன்னே சொன்ன பதினாயிரம் வீட்டுக் கணக்கு, நாடளாவிய உண்மையாகக் கண்முன் நின்றது.

அதே காலத்தில் மத்திய வங்கி வெளியிடும் கொழும்பு மாவட்டக் காணி விலைச் சுட்டெண் இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போயிற்று. ரூபாவின் மதிப்புக் கரைவதைக் கண்டோர் பணத்தைக் காணியிலும் தொடர்மாடியிலும் ஒளித்துவைத்தார்கள். காணியின் விலையை மட்டும் பார்த்தவர் வளர்ச்சியென்று மகிழ்ந்திருக்கக்கூடும். முதலீடு என்பது கைமாறுதலன்று, கட்டுதலே என்று தொடக்கத்தில் நாம் குறித்த வேறுபாடு இங்கேதான் பொருள் பெறுகின்றது. விலை ஏற, வேலை வீழ்ந்தது.

அந்த நாள்களில் கிருலப்பனைச் சந்தைக்கு அருகே வேலைக்குக் காத்துநின்ற மலையகத்து மேசன் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். "மழை பெஞ்சா ரெண்டு நாளு வேல இருக்காது, சேர். அது பழகிப்போச்சு. சீமெந்து வெல ஏறுனா வேலையே இருக்காது. அது இன்னும் பழகல" என்றார். தோட்டத்து லயனில் பிறந்து, கொழும்பிலே பிறருக்கு மாடி கட்டி, இரவிலே நான்கு பேரோடு வாடகை அறையொன்றைப் பகிர்ந்துகொள்பவர் அவர். நாடியின் தளர்ச்சியைப் புள்ளிவிபரம் மூன்று மாதம் கழித்து அறிவிக்கும். அவருடைய அடுப்பு அன்று மாலையே அறிவித்துவிடும்.

மாணவர்க்கு ஒரு வேலை

குறைகள் உண்டென்பதால் அளவுகோலை எறிந்துவிட வேண்டுமென்று நான் கூறவில்லை. நம் நாட்டிலும் நல்ல கருவிகள் உள்ளன. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் தேசிய கணக்குகளைக் காலாண்டுதோறும் தருகின்றது. மத்திய வங்கி 2017 முதல் கட்டடத்துறைக்கெனத் தனியான கொள்வனவு முகாமையாளர் சுட்டெண்ணை வெளியிட்டு வருகின்றது. இவற்றோடு அனுமதிபெற்ற வரைபடங்களின் தொகை, சீமெந்தின் விற்பனை, வங்கிகளின் வீட்டுக்கடன் ஆகியவற்றைச் சேர்த்து வாசித்தால் உண்மைக்கு அணித்தே செல்லலாம். வரைபட அனுமதி எண்ணத்தைக் காட்டும். சீமெந்து செயலைக் காட்டும். கடன், எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையிலுள்ள பாலத்தைக் காட்டும். மூன்றும் ஒரு திசையில் நகரும்போது நம்பலாம். ஒன்று மட்டும் ஓடினால் ஐயுறவேண்டும்.

ஆனால் எந்த ஏடும் காட்டாத மூன்று விடயங்களை நாமே கேட்டறிய வேண்டும். இந்த வீடு யாருடைய பணத்தில் எழுகின்றது? இதில் யார் குடியிருக்கப்போகின்றார், அல்லது எவருமே குடியிராமல் பூட்டிக்கிடக்கப்போகின்றதா? இதனைக் கட்டுவோருக்கு எத்தனை நாள் வேலை கிடைக்கின்றது? பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்கள், தம் மாணவரை ஒரு சனிக்கிழமை பாடசாலையைச் சுற்றியுள்ள நான்கு ஒழுங்கைகளுக்கு அனுப்பி இந்தக் கேள்விகளைக் கேட்டுவரச் செய்யலாம். பாதியில் நிற்கும் சுவர்களையும், பூட்டிய தொடர்மாடிக் கதவுகளையும், கூரைமேல் நிற்கும் கம்பிகளையும் அவர்கள் எண்ணிவரட்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அடுத்த வகுப்பு மாணவர் மீண்டும் எண்ணட்டும். ஐந்தாண்டில் அந்தப் பாடசாலையிடம் நாட்டில் வேறெவரிடமும் இல்லாத ஒரு கணக்கு இருக்கும்.

அந்தக் கணக்கிலே, வீடு கட்டியவரின் பெயருக்கு எதிரே அவர் குடியிருக்கும் வீட்டைப் பற்றியும் ஒரு நிரல் இருக்கவேண்டும் என்பது என் விருப்பம். மாடிகள் உயர உயர அந்த நிரலும் நிரம்பி வருமாயின், நாடி உண்மையிலேயே சீராக அடிக்கின்றது என்று துணிந்து கூறலாம்.